ஒரு பக்கமாவது கையால் எழுதுங்கள்

ஒரு நாளில் எத்தனை இணையப் பக்கங்களைப் பார்க்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? தேர்வு முடிவு ஒரு பக்கத்தில் வருகிறது. ரயில் எத்தனை மணிக்கு வரும் என்பதை இன்னொரு பக்கம் சொல்கிறது. கிரிக்கெட் ஓட்டக் கணக்கு, நாளைய மழை, பழைய வினாத்தாள் எல்லாமே பக்கங்களாகத்தான் நம் கண்முன் வந்து நிற்கின்றன. பார்ப்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் இவற்றைப் போன்ற ஒரு பக்கத்தை நீங்களே எழுதியதுண்டா? உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கை தூக்குவோர் மிகச் சிலராகவே இருப்பர்.

"அதெல்லாம் கணிப்பொறிப் பொறியாளர்கள் செய்கிற வேலை" என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறான எண்ணம். எளிய இணையப் பக்கம் ஒன்றை எழுதப் பட்டம் வேண்டாம், பணம் வேண்டாம், இணைய இணைப்புக்கூட வேண்டாம். கணிப்பொறியில் உள்ள நோட்பேட் போன்ற எளிய எழுது கருவி ஒன்றும், ஒரு மணி நேரமும் போதும். பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒவ்வொரு மாணவரும் மாணவியும் ஒரு பக்கத்தையாவது, குறிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, தம் கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இங்கே விளக்குகிறேன்.

இயற்பியல் கூடத்தில் பிறந்தது

உலகளாவிய வலை என்று நாம் சொல்லும் இந்த அமைப்பு வியாபாரக் கூடத்தில் பிறந்ததன்று. அது ஓர் இயற்பியல் ஆய்வுக் கூடத்தில் பிறந்தது. ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ் ஆகிய இரு நாடுகளின் எல்லையில், ஜெனீவா நகருக்கு அருகில், செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. பல நாட்டு விஞ்ஞானிகள் அங்கே வந்து சேர்ந்து ஆய்வு செய்கிறார்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு வகைக் கணிப்பொறியைப் பயன்படுத்தினர். ஒருவருடைய குறிப்பை இன்னொருவர் படிப்பது பெரும்பாடாக இருந்தது.

இச்சிக்கலைத் தீர்க்க 1989 மார்ச்சில் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. இவர் ஆக்ஸ்போர்டில் இயற்பியல் படித்து 1976இல் பட்டம் பெற்றவர். 1990 முடிவதற்குள் முதல் வலைச் சேவைக் கணிப்பொறியும், பக்கங்களைப் பார்க்க உதவும் முதல் உலாவியும் இயங்கத் தொடங்கிவிட்டன. நெக்ஸ்ட் என்ற கறுப்புநிறக் கணிப்பொறி ஒன்றே உலகின் முதல் வலைச் சேவையகம். யாராவது தெரியாமல் அதை நிறுத்திவிட்டால் உலகளாவிய வலை முழுவதும் நின்றுவிடுமன்றோ? ஆகவே, இதை அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதிய சீட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டி வைத்திருந்தார்கள்!

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகளை நீங்கள் மனத்தில் பதிக்க வேண்டும். முதலாவது, பெர்னர்ஸ்-லீ ஆக்கிய அந்த முதல் உலாவியில் பக்கங்களைப் படிக்கவும் முடியும். எழுதவும் திருத்தவும் முடியும். அதாவது, படிப்பவர் எல்லோரும் எழுதுபவராகவும் இருக்க வேண்டும் என்பதே தொடக்க நோக்கம். பின்னர் பரவிய உலாவிகளில் பெரும்பாலானவை படிப்பதற்கு மட்டுமே ஆயின. எழுதும் கை மெல்ல மறைந்தது. இரண்டாவது, 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிலையம் இந்த மென்பொருளைப் பொதுச் சொத்தாக்கிவிட்டது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல், காசு கொடுக்காமல் இதைப் பயன்படுத்தலாம். உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும் பரம்பரைச் சொத்து என்று இதைச் சொல்லலாம். சொத்து இருப்பது தெரியாமலே வாழ்வது எப்படிப்பட்ட வறுமை!

குறி என்றால் என்ன?

இணையப் பக்கத்தை எழுதும் மொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். இதைக் கேட்டவுடன் அஞ்சவேண்டாம். இது கணக்குப் போடும் மொழியன்று, குறியிடும் மொழி.

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவோரைப் பார்த்திருக்கிறீர்களா? கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் "இது தலைப்பு", "இங்கே பத்தி பிரிக்க", "இச்சொல் தடித்த எழுத்தில்" என்று குறிகள் போடுவார்கள். அக்குறிகளைப் பார்த்து அச்சுக் கோப்பவர் எழுத்துகளை அடுக்குவார். குறிகள் அச்சில் வரமாட்டா. அவற்றின் பயன் மட்டும் வரும். எச்.டி.எம்.எல். செய்வதும் இதே வேலைதான். இங்கே குறி போடுபவர் நீங்கள். அச்சுக் கோப்பவர் உலாவி.

குறியை எப்படிப் போடுவது? கணக்கில் "சிறியது", "பெரியது" என்பதைக் காட்ட < , > என்னும் இரு அடையாளங்களை எழுதுகிறீர்கள் அல்லவா? அவற்றுக்கு இடையில் குறியின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதினால் அது ஒரு குறியாகும். (இங்கே அப்பெயர்களின் ஒலியை மட்டும் தமிழில் தருகிறேன்.) 'பி' என்று எழுதினால் பத்தி தொடங்குகிறது. பத்தி முடிந்ததும், பெயருக்கு முன் ஒரு சாய்கோடு சேர்த்து அதே குறியை மறுபடி எழுதினால் பத்தி முடிகிறது. 'எச்1' என்பது பெருந்தலைப்பு. 'எச்2' அதற்கு அடுத்த தலைப்பு. 'யு.எல்.' என்பது பட்டியல். அதனுள் ஒவ்வொரு வரியும் 'எல்.ஐ.' படம் வைக்க 'ஐ.எம்.ஜி.' இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பை வைக்க 'ஏ'. இந்த 'ஏ' என்ற ஓரெழுத்துக் குறிதான் உலகிலுள்ள பக்கங்களை எல்லாம் ஒன்றோடொன்று பின்னி வலையாக்கியிருக்கிறது!

பெர்னர்ஸ்-லீ 1991இல் வெளியிட்ட முதல் விளக்கத்தில் இருந்த குறிகள் இருபதுக்கும் குறைவு. இன்று ஏறத்தாழ நூறு குறிகள் உள்ளன. ஆனால் நல்ல பக்கம் ஒன்றை எழுதப் பத்துக் குறிகள் போதும். தனிம வரிசை அட்டவணையில் முதல் இருபதை மனப்பாடம் செய்த உங்களுக்கு இது ஒரு பொருட்டா?

பக்கத்தின் உடலமைப்பு

ஒவ்வொரு பக்கத்துக்கும் 'ஹெட்' என்று ஒரு தலையும், 'பாடி' என்று ஓர் உடலும் உண்டு. தலையில் எழுதுவது உலாவிக்கு நாம் தரும் குறிப்பு. உடலில் எழுதுவது படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் செய்தி. இவ்விரண்டையும் 'எச்.டி.எம்.எல்.' என்ற வெளிக்குறி சூழ்ந்திருக்கும். அந்த வெளிக்குறியிலேயே இப்பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிப்பிடலாம். கண் பார்வையற்றவர்கள் பக்கங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். மொழி எது என்று தெரிந்தால்தான் அம்மென்பொருள் தமிழ் ஒலிப்பில் படிக்கும். படத்துக்கும் 'ஆல்ட்' என்ற இடத்தில் ஒரு வரி விளக்கம் எழுதினால், படத்தைக் காண இயலாதவரும் அதை அறிந்துகொள்வார். பிறர் நிலையில் நின்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இச்சிறு வரிகள் நமக்குக் கற்பிக்கின்றன.

எழுதி முடித்ததும் அந்தக் கோப்புக்கு 'இன்டெக்ஸ்' என்று பெயரிட்டு, ஒரு புள்ளி வைத்து, 'எச்.டி.எம்.எல்.' என்ற பின்னொட்டைச் சேர்த்துச் சேமியுங்கள். கோப்பின்மேல் இருமுறை சொடுக்குங்கள். உலாவி திறந்து உங்கள் பக்கத்தைக் காட்டும். அந்தக் கணத்தில் ஏற்படும் மகிழ்ச்சி, கடையில் வாங்கிய எந்தப் பொருளாலும் கிடைக்காது.

பிழை செய்தால் என்ன ஆகும்? ஒன்றும் வெடித்துவிடாது! சோதனைக்காகவே ஒரு பிழை செய்து பாருங்கள். ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்க 'பி' எனப்படும் குறி ஒன்று உண்டு. (பத்திக் குறி, 'பாட்டம்' என்னும் சொல்லின் முதல் ஒலியைப் போல வரும் ஆங்கில எழுத்து அன்று, அது 'பேப்பர்' என்பதன் முதலெழுத்து. தடித்த எழுத்துக் குறிதான் 'பாட்டம்' என்பதன் முதலெழுத்து.) அதை மூட மறந்தால், அங்கிருந்து பக்கத்தின் கடைசி வரை எல்லா எழுத்தும் தடித்துவிடும். காரணம் ஒன்று, விளைவு ஒன்று. இரண்டுக்கும் உள்ள தொடர்பு கண்ணெதிரே தெரிகிறது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்து, என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதானே விஞ்ஞான முறை? இதற்கு இவ்வளவு மலிவான ஆய்வுக் கூடம் வேறெங்கே கிடைக்கும்?

தமிழ் என்பது எத்தனை பைட்டு?

கையால் எழுதுவதில் கிடைக்கும் இன்னோர் அறிவைச் சொல்கிறேன். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்பீர்கள். இலக்கணப்படி சரி. நோட்பேடில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி, யு.டி.எஃப்-8 என்ற முறையில் சேமித்து, கோப்பின் அளவைப் பாருங்கள். 15 பைட்டு என்று காட்டும். ஏன்?

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் முறைக்கு யூனிகோடு என்று பெயர். அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'த' என்பதன் எண் 2980. 'ம' 2990. இகரக் கொம்பு தனியே 3007. 'ழ' 2996. மெய்யெழுத்தின் புள்ளி 3021. ஆகவே கணிப்பொறிக்கு இச்சொல் ஐந்து எண்கள். யு.டி.எஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறும். ஐம்மூன்று பதினைந்து!

இந்த யு.டி.எஃப்-8 முறையைக் கென் தாம்ப்சன், ராப் பைக் என்னும் இருவர் 1992 செப்டம்பரில் வகுத்தனர். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதியில், தட்டுக்கு அடியில் போடும் தாளின்மேல் அதன் வடிவம் உருவாயிற்று. முறை எளிது. 'த'வின் எண்ணான 2980ஐ 64ஆல் வகுங்கள். ஈவு 46, மீதி 36. முதல் பைட்டு 224. இரண்டாவது 128உடன் 46ஐக் கூட்ட 174. மூன்றாவது 128உடன் 36ஐக் கூட்ட 164. மற்ற எழுத்துகளுக்கும் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்து எதுவானாலும் முதல் பைட்டு 224ஆகவும், இரண்டாவது 174 அல்லது 175ஆகவும் இருப்பதைக் காண்பீர்கள்.

சில பக்கங்களில் தமிழுக்குப் பதிலாக, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் மாறி மாறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது வைரசும் அன்று, கணிப்பொறிக் கோளாறும் அன்று. பக்கத்தை எழுதியவர் எந்த எழுத்து முறை என்பதைத் தலைப் பகுதியில் சொல்லாமல் விட்டுவிட்டார். அல்லது தவறாகச் சொல்லிவிட்டார். உலாவி மூன்று பைட்டுகளைச் சேர்த்து ஓர் எழுத்தாகப் படிக்காமல், தனித்தனியே மூன்று அடையாளங்களாகப் படித்துவிட்டது. மேற்கு ஐரோப்பிய எழுத்து முறையில் 224 என்பது அந்தக் கோடு போட்ட 'ஏ'. 174 என்பது வட்டத்துக்குள் 'ஆர்'. மர்மம் விலகிவிட்டதல்லவா? 'மெட்டா' என்னும் குறியில் யு.டி.எஃப்-8 என்று ஒரு வரி எழுதினால் தமிழ் சரியாக வந்துவிடும். கையால் ஒருமுறை எழுதிப் பார்த்தவர் இதை வாழ்நாளில் மறக்கமாட்டார்.

எடை எவ்வளவு?

இயற்பியல் படிப்போர் எதையும் அளந்து பார்க்க வேண்டும். 2,000 தமிழ்க் குறியீடுகள் கொண்ட ஒரு பக்கத்துக்கு 6,000 பைட்டு. குறிகளுக்கு இன்னும் 1,000 பைட்டு என்று வையுங்கள். மொத்தம் 7,000 பைட்டு; அதாவது 56,000 பிட்டு.

இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 9,600 பிட்டு என்பது அக்காலத்து வேகம். அந்த வேகத்திலும் உங்கள் பக்கம் ஆறு நொடிக்குள் வந்து சேர்ந்திருக்கும்! இப்போது கைப்பேசியில் எடுத்த 30 லட்சம் பைட்டுப் படம் ஒன்றை அப்பக்கத்தில் வையுங்கள். அதே கம்பியில் அந்தப் படம் வர 2,500 நொடிகள், அதாவது 41 நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். எழுத்து எவ்வளவு இலேசானது, படம் எவ்வளவு கனமானது என்பது இப்போது விளங்குகிறதா? மலைக் கிராமத்தில் அலைவரிசை மெலிந்திருக்கும் இடத்திலும், பழைய கைப்பேசியிலும் திறக்கிற பக்கம் எழுத்தாலான எளிய பக்கமே. ஆகவே எளிமையைக் குறையென்று எண்ணவேண்டாம்.

"இயந்திரமே எழுதித் தருகிறதே!"

இங்கே சிலர் மறுத்துரைக்கலாம். "இப்போது செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் சொன்னால் ஒரே நிமிடத்தில் அழகான பக்கத்தை எழுதித் தந்துவிடுகிறது. நாம் ஏன் தட்டித் தடவ வேண்டும்?" நியாயமான கேள்விதான்.

ஒரு காலத்தில் பள்ளி மாணவர்கள் கம்பிச் சுருள் சுற்றி, மின்தேக்கி, டையோடு, செவிக் கருவி ஆகியவற்றை இணைத்து, மின்கலமே இல்லாமல் பாடும் வானொலிப் பெட்டியைச் செய்தார்கள். கடையில் வானொலி கிடைக்காததாலா? இல்லை. கடையில் இதைவிட நன்றாகப் பாடும் பெட்டி கிடைத்தது. ஆனால் காற்றில் வரும் அலை எப்படிப் பாட்டாகிறது என்பதைக் கடைப் பெட்டி சொல்லித் தராது. கையால் செய்த பெட்டி சொல்லித் தந்தது. அப்படிச் சுருள் சுற்றிய கைகள்தாம் பிற்காலத்தில் பெரிய கருவிகளையும் அச்சமின்றித் திறந்து பார்த்தன.

இயந்திரம் எழுதித் தந்த பக்கம் சரியா தவறா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா? வாய்பாடு தெரிந்தவனுக்குத்தான் கால்குலேட்டரில் தவறான பொத்தானை அழுத்திவிட்டது உடனே தெரியும். ஒரு பக்கத்தைக் கையால் எழுதியவர், இயந்திரம் எழுதிய நூறு பக்கங்களைச் சோதிக்கலாம். ஒன்றும் எழுதாதவர் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியவரே. முதலில் கை கற்கட்டும். பிறகு இயந்திரத்தைத் துணைக்கு அழையுங்கள். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கல்லூரிக்கு வரும் முதலாண்டு மாணவர்களிடம் ஒன்றைக் கவனித்து வருகிறேன். கைப்பேசியில் அவர்கள் விரல் ஓடும் வேகம் வியப்பளிக்கிறது. ஆனால் "போன வாரம் ஊசல் ஆய்வில் எடுத்த அளவீடுகள் எங்கே?" என்று கேட்டால், "செயலியில் இருக்கிறது" என்கிறார்கள். எந்தக் கோப்பில், எந்த இடத்தில், அதை வேறொரு கணிப்பொறிக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டால் பதில் இல்லை. இவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். யாரும் அவர்களுக்குக் கதவைத் திறந்து உள்ளே காட்டவில்லை, அவ்வளவுதான். ஒரு இணையப் பக்கத்தை எழுதும்போது கோப்பு, பெயர், இடம், முகவரி என்ற நான்கும் தாமாகவே புரிந்துவிடுகின்றன.

வாடகை வீடும் சொந்த வீடும்

"சமூக ஊடகத்தில்தான் நாங்கள் எழுதுகிறோமே!" என்பது இன்னொரு மறுப்பு. எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வாடகை வீடு என்பதை அறிந்து எழுதுங்கள்.

1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற சேவையில் உலகெங்கும் ஏராளமானோர் தம் சொந்தப் பக்கங்களை வைத்திருந்தனர். 1999இல் அதை யாஹூ நிறுவனம் வாங்கியது. 2009 அக்டோபரில் அமெரிக்காவில் மூடிவிட்டது. உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் ஓடி விளையாடிய ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மறைந்தது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் குடியிருப்பவர் என்ன செய்ய முடியும்? பிரதி எடுத்து வைக்காதவர்களின் எழுத்தும் படங்களும் போனவை போனவைதான்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் நம்மிடம் உண்டு. 1998 பொங்கல் நாளில், ஸ்விட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, எளிய எச்.டி.எம்.எல். பக்கங்களாக இணையத்தில் வைத்தனர். அப்போது தமிழுக்கு வழங்கிய எழுத்து முறைகளுள் ஒன்று டிஸ்கி. பின்னர் யூனிகோடு பரவியபோது, அந்தப் பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டார்கள். எப்படி முடிந்தது? எல்லாம் எளிய எழுத்துக் கோப்புகளாக, அவர்கள் கையிலேயே இருந்தன. கோப்பு நம்மிடம் இருந்தால் எழுத்து முறையையும் மாற்றலாம், வீட்டையும் மாற்றலாம்.

உங்கள் பக்கத்தை உலகம் பார்க்க வேண்டுமானால், எந்நேரமும் இயங்கும் சேவையகம் ஒன்றில் வைக்கவேண்டும். இதற்கு இலவசமாக இடம் தரும் நிறுவனங்கள் உள்ளன. அதுவும் வாடகை வீடுதானே என்று கேட்பீர்கள். ஆம், வாடகை வீடுதான். ஆனால் இங்கே மூட்டை முடிச்சு உங்களுடையது. கோப்பின் ஒரு பிரதி உங்கள் பென் டிரைவில் இருக்கும்வரை, ஓர் இடம் மூடினால் இன்னோர் இடத்துக்கு ஒரே மாலையில் குடிபோகலாம். இணைய இணைப்பே இல்லாத பள்ளியிலும் கவலையில்லை. கணிப்பொறி அறையில் பென் டிரைவிலிருந்தே பக்கம் திறக்கும்.

என்ன எழுதுவது?

"என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று தயங்கவேண்டாம். உங்களைப் பற்றி எழுத வேண்டுமென்பதில்லை. உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுங்கள்.

அகன்ற வாயுள்ள ஒரு நேர்ச்சுவர்ப் பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து, மழை பெய்த நாள்தோறும் எத்தனை மில்லிமீட்டர் நீர் நின்றது என்று அளந்து, 'டேபிள்' என்ற குறியால் அட்டவணையாக்கி ஓராண்டு எழுதி வாருங்கள். உங்கள் ஊர் ஏரிக்கு எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது என்று குறியுங்கள். ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளங்கள். எட்டிப் பார்க்காமல், பெரியவர் துணையுடன், கயிற்றில் எடைகட்டி அளங்கள். பாட்டி சொல்லும் வட்டார நெல் வகைகளின் பெயர்களைப் பட்டியலிடுங்கள். இவற்றையெல்லாம் பெரிய நிறுவனம் எதுவும் வந்து எழுதப்போவதில்லை. இயந்திரத்துக்கும் தெரியாது, ஏனெனில் எவரும் இன்னும் எழுதி வைக்கவில்லை. தமிழில் தேடும்போது பயனுள்ள செய்தி கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறோம். எழுதி வைத்தால்தானே கிடைக்கும்? அகப்பையில் வருவது சட்டியில் இருப்பதுதான்.

சில எச்சரிக்கைகள்

உரிமையுடன் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி, உங்கள் படம், நண்பர்களின் படம் ஆகியவற்றைப் பக்கத்தில் போடாதீர்கள். நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. ஆகவே பக்கத்தை இணையத்தில் ஏற்றுமுன் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ காட்டி அனுமதி பெறுங்கள். பிறர் எழுதியதையும் பிறர் எடுத்த படத்தையும் கேட்காமல் எடுத்து வைப்பது திருட்டு. அளவீடுகளை எழுதும்போது, எந்த நாள், எந்தக் கருவி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், கண்டதைக் கண்டது என்றும் பிரித்துச் சொல்லுங்கள். பத்துப் பேர் படித்தாலும் பத்துப் பேருக்கும் உண்மையே போய்ச் சேரவேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். இதைத் தேர்வுக்குரிய பாடமாக்கி, "எச்.டி.எம்.எல். என்றால் என்ன? ஐந்து மதிப்பெண்" என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு சனிக்கிழமை பிற்பகலில் கணிப்பொறி அறையைத் திறந்துவிடுங்கள். ஒரு குறியைக் காட்டிவிட்டு விலகி நில்லுங்கள். மற்றதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

மாணவ நண்பர்களே, இந்த வலை படிப்பவர் எழுதுவதற்காகவே ஆக்கப்பட்டது. அதைப் பொதுச் சொத்தாக்கி நம் கையில் கொடுத்தும் முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நாமோ பார்வையாளர் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறோம். இந்த இதழைப் படித்து முடித்ததும் நோட்பேடைத் திறங்கள். தலைக்கு நான்கு வரி, உடலுக்கு ஒரு தலைப்பு, ஒரு பத்தி. முதல் பத்தியில் உங்கள் ஊரில் இன்று மழை பெய்ததா என்பதை மட்டும் எழுதுங்கள். சேமித்துத் திறந்து பாருங்கள். நாளைக்கு இரண்டாவது வரியை எழுதலாம்.